பழைய துப்பாக்கிக்குப் பேரம் பேசுவது எப்படி? டாலஸ் பக்கத்துத் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஆகஸ்ட் பிறந்தால் என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். டெக்சஸின் வட, மத்திய மண்டலங்களில் செப்டம்பர் 1ஆம் தேதி புறா வேட்டை தொடங்குகிறது. அதற்கு ஒரு ஷாட்கன் வேண்டும், புதுசு வாங்க மனசு வரவில்லை, கடைச் சுவரில் பழசு ஒன்று தொங்குகிறது, அதன் விலையைக் குறைத்துக் கேட்கலாமா என்று தெரியவில்லை. பத்து வருடத்துக்கும் மேலாக இதே சந்தேகங்கள்தான், ஆட்கள்தான் மாறுகிறார்கள். சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் எழுதி வைத்துவிட்டேன்.

இது டெக்சஸ் கணக்கு. கலிபோர்னியா, நியூ ஜெர்சி, நியூயார்க் பக்கம் இருப்பவர்கள் பேரம் பற்றிய பகுதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே மாநிலச் சட்டம் வேறு. நான் வக்கீலும் இல்லை.

அமெரிக்காவுல கடையில பேரம் பேசலாமா சார்? ஒரு மாதிரியா பார்க்க மாட்டாங்களா?

பால், பருப்புக்குப் பேசினால் பார்ப்பார்கள். கார், வீடு, பழைய சாமான் மூன்றுக்கும் இந்த ஊர்க்காரர்களே பேசித்தான் வாங்குகிறார்கள். பழைய துப்பாக்கி அந்த மூன்றாவது வகை. புதுத் துப்பாக்கியில் கடைக்காரருக்குக் கிடைக்கும் லாபம் சொற்பம். அதோடு, இதற்குக் கீழே விளம்பர விலை போடக்கூடாது என்று கம்பெனியே பல மாடல்களுக்குக் கட்டுப்பாடு வைத்திருக்கும். அங்கே கேட்டாலும் பத்து இருபது டாலருக்கு மேல் நகராது.

பழசில் கதை வேறு. யாரோ கொண்டுவந்து கொடுத்ததைக் கடைக்காரரே மதிப்புப் போட்டு வாங்கியிருப்பார். 500 டாலருக்கு விற்கலாம் என்று நினைத்தால் 250, 300க்குத்தான் எடுப்பார். இடையில் இருப்பது அவருடைய வாடகை, சம்பளம், விற்காமல் கிடக்கும் அபாயம், லாபம் எல்லாம். அதில் கொஞ்சம் நமக்கும் இடமிருக்கிறது. என் அனுபவத்தில் பத்து சதவீதம் சாதாரணம், கண்ணால் காட்டக்கூடிய குறை இருந்தால் பதினைந்து. பாதி விலைக்குக் கேட்டால்தான் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள், அது நியாயமும்கூட.

நான் எச்1பி-ல இருக்கேன். முதல்ல எனக்குக் கொடுப்பாங்களா?

பேரத்துக்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. கிரீன் கார்டு இருந்தால் வாங்கலாம். எச்1பி, எச்4, மாணவர் விசா போன்ற தற்காலிக விசாவில் வந்தவர்கள் துப்பாக்கி வாங்குவதும் வைத்திருப்பதும் மத்தியச் சட்டப்படி பொதுவாகத் தடை. விதிவிலக்குகள் சில உண்டு. நம்மவர்களுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான், ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம். டெக்சஸில் 1971 செப்டம்பர் 2ஆம் தேதியிலிருந்து பிறந்தவர்களுக்கு வேட்டைப் பயிற்சி வகுப்பும் கட்டாயம்.

இதில் பலர் கவனிக்காத ஒன்று. டெக்சஸ் உரிமத்தின் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் தேதியோடு முடிகிறது. எந்த மாதம் வாங்கியிருந்தாலும் அப்படித்தான். புதுப்பிக்க மறந்துவிட்டு மறுநாள் விடியற்காலை துப்பாக்கியோடு வயலில் நின்றால், உரிமம் இல்லாமல் வேட்டையாடிய குற்றத்தோடு போகாது. உங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்த விதிவிலக்கே போய்விட்டது. விசாவில் இருப்பவர்கள் குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குங்கள். ஐம்பது டாலர் மிச்சம் பிடிக்கப் போய் விசாவுக்கு வில்லங்கம் தேடிக்கொள்ளாதீர்கள்.

டேக்ல 425 போட்டிருக்கு. அது நியாயமான விலையா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?

கன்புரோக்கர் என்ற ஏலத் தளத்தில் முடிந்துபோன ஏலங்களை மட்டும் வடிகட்டிப் பாருங்கள். கேட்கிற விலைக்கு மதிப்பு கிடையாது. அதே மாடல், அதே பேரல் நீளம், ஏறத்தாழ அதே நிலை, எவ்வளவுக்குக் கைமாறியது என்பதுதான் விலை. நாலைந்து பார்த்தால் ஒரு குத்துமதிப்பு வந்துவிடும். ‘புளூ புக் ஆஃப் கன் வேல்யூஸ்’ என்ற விலைப் புத்தகத்தைச் சில கடைக்காரர்கள் எடுத்து வைப்பார்கள். அரிய பழைய மாடல்களுக்கு அது உதவும். சாதாரண வேட்டைத் துப்பாக்கிக்கு ஏலத் தளமே போதும்.

ஆனால் அந்த ஏல விலையை அப்படியே கொண்டுபோய்க் கடையில் நீட்டாதீர்கள். இணையத்தில் 380க்குப் போனது என்றால், அனுப்பும் செலவு ஒரு 35, அதை வாங்கி உங்கள் பெயருக்கு மாற்றிக் கொடுக்கும் உள்ளூர்க் கடைக்கு ஒரு 30. ஆக 445 ஆகிவிட்டது. அப்படிப் பார்த்தால் கையில் எடுத்துப் பார்த்து வாங்கக்கூடிய 425 அநியாய விலை இல்லை. எல்லா டேக்கும் ஏமாற்று என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்குப் பேரம் படியாது.

புதுசுக்கும் பழசுக்கும் எவ்வளவு வித்தியாசம் இருந்தா லாபம்?

இப்போதும் புதுசாக வரும் மாடல் என்றால் நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். கடைசியில் கையை விட்டுப் போகும் மொத்தப் பணம் புதுசைவிடக் கால் பங்காவது குறைய வேண்டும். இல்லாவிட்டால் புதுசே வாங்கிக்கொள்ளலாம். கம்பெனி வாரண்டி வரும், முன்னால் வைத்திருந்தவர் என்ன செய்தார் என்ற கவலை இல்லை. 550க்குப் புதுசு கிடைக்கும் கைத்துப்பாக்கியைப் பழசாக 500க்கு மாட்டி வைத்திருக்கும் கடைகள் ஏராளம். 1937இல் வந்த பிட்மன்-ராபர்ட்சன் சட்டப்படி, புதுசின் விலைக்குள் மத்திய அரசின் தனி வரி ஒளிந்திருக்கிறது. கைத்துப்பாக்கிக்கு 10 சதவீதம், ரைஃபிள், ஷாட்கன் போன்ற நீளத் துப்பாக்கிக்கு 11. தயாரிப்பாளர் ஒருமுறை கட்டியதோடு சரி. பழசைத் திரும்ப விற்கும்போது அது மறுபடி வராது, அதனால் பழசு சல்லிசாகத்தான் இருக்க வேண்டும்.

தயாரிப்பு நின்றுபோன மாடல்களுக்கு இந்த அளவுகோல் செல்லாது. 1964க்கு முந்தைய வின்செஸ்டர் ரைஃபிள்கள் புதுசைவிட அதிக விலைக்குப் போகும். அங்கே பேரத்துக்குள் இறங்குவதற்கு முன், தெரிந்த ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

பெரிய கடை, சின்னக் கடை, அடகுக் கடை. எதுல பேசினா படியும்?

முதலாளியே கல்லாவில் நிற்கும் சின்னக் கடைதான் முதல் இடம். முடிவெடுக்கிற ஆள் எதிரிலேயே இருக்கிறார். பெரிய சங்கிலிக் கடைகளில் விற்பனைப் பையனுக்கு ஐந்து டாலர்கூடக் குறைக்க அதிகாரம் இருக்காது. அவனோடு மல்லுக்கட்டாமல், பழைய துப்பாக்கிப் பிரிவைப் பார்க்கும் மேலாளர் எப்போது இருப்பார் என்று கேட்டு அந்த நேரத்துக்குப் போங்கள். அடகுக் கடையில் விலையை ஏற்றித்தான் போட்டிருப்பார்கள், இறங்கவும் செய்வார்கள். ஆனால் அங்கே இருப்பவருக்கு அது துப்பாக்கியா, கிடாரா என்பதில் பெரிய அக்கறை இருக்காது. நிலையைப் பற்றி அவர் சொல்வதை நம்ப வேண்டாம்.

டேக்கில் கன்சைன்மென்ட் என்று இருந்தால் அது கடைக்காரருடைய பொருள் அல்ல. சொந்தக்காரர் விற்றுத்தரச் சொல்லி வைத்திருக்கிறார், கடைக்கு ஒரு பங்கு கமிஷன். கடைக்காரர் தானாகக் குறைக்க முடியாது. “340 தருகிறேன், சொந்தக்காரரிடம் கேட்டுச் சொல்லுங்கள்” என்று பெயரும் நம்பரும் எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள். எனக்கு இப்படி மூன்று வாரம் கழித்து அழைப்பு வந்திருக்கிறது.

நேரா போய் என்ன சொல்லணும்? எனக்கு இங்கிலீஷ்ல பேரம் பேசவே கூச்சமா இருக்கு.

நான் என்னுடைய ரெமிங்டன் 870ஐ வாங்கிய கதையைச் சொல்கிறேன். 1950இல் வந்து கோடிக்கு மேல் விற்ற பம்ப் ஷாட்கன் அது. அதனால் பழசு எங்கும் கிடைக்கும். ஒரு சிறு ஊர்க் கடையில் விங்மாஸ்டர் வகை, 12 காஜ் (குழாயின் விட்டத்தைச் சொல்லும் அளவு), 28 அங்குல பேரல். டேக் 425. முதலில் விலையைப் பற்றி வாயே திறக்கவில்லை. “காலியாக இருப்பதைக் காட்டுகிறீர்களா?” என்று கேட்டேன். திறந்து காட்டிவிட்டுக் கொடுத்தார். “முன்னால் உள்ள மூடியைக் கழற்றி பேரலை எடுத்துப் பார்க்கலாமா?” என்றேன். அந்தக் கேள்வியிலேயே அவர் முகம் மாறியது. சும்மா தடவிப் பார்க்க வந்தவன் இல்லை என்று தெரிந்துவிட்டது. முன்பிடியைப் பின்னால் தள்ளினால் உள்ளே இருந்த குழாயில் மிளகைத் தூவியதுபோல் துருப்புள்ளிகள். பின்கட்டையை யாரோ அறுத்து ரப்பர் பட்டை ஒட்டியிருந்தார்கள். பட்டை ஒரு பக்கம் விரல்நகம் கனத்துக்குத் துருத்திக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நாளாக இருக்கிறது?” “மே மாசத்திலிருந்து.” அப்போது பிப்ரவரி. நான் சொன்னது இரண்டே வாக்கியம்: “எனக்குப் பிடித்திருக்கிறது. இந்தத் துருவையும் அறுத்த கட்டையையும் பார்த்தால், வரியெல்லாம் சேர்த்து 380 தர முடியும்.” அப்புறம் வாயை மூடிக்கொண்டேன். அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார், கால்குலேட்டரைத் தட்டினார், “வரியோடு 400” என்றார். முடிந்தது.

கணக்கைப் பாருங்கள். இங்கே விற்பனை வரி 8.25 சதவீதம். டேக் விலைக்கு வாங்கியிருந்தால் 460 டாலர் ஆறு சென்ட் ஆகியிருக்கும். 400இல் வரி போக அவருக்கு நின்றது 369.52. வரி சேர்ந்த மொத்தத் தொகையை இங்கே ‘அவுட் த டோர்’ என்பார்கள். அந்த ஒரு சொல்லைச் சொல்லத் தெரிந்தால் போதும், இங்கிலீஷ் கூச்சமெல்லாம் பெரிய விஷயமில்லை. எண்ணைச் சொன்ன பிறகு பேசாமல் நிற்பதுதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். அவர் பதில் சொல்வதற்குள் “சரி, 390” என்று நாமே ஏறிவிடுவோம்.

குறையைக் கண்டுபிடின்னு சொல்றீங்க. எதை எதைப் பார்க்கணும்?

முதல் விதி, துப்பாக்கியின் வாய் எப்போதும் ஆள் இல்லாத பக்கம் இருக்க வேண்டும், விரல் விசைக்கு வெளியே. இதைத் தவறவிட்டால் கடைக்காரர் துப்பாக்கியைத் திரும்ப வாங்கி மாட்டிவிடுவார், பேரமும் அங்கேயே முடிந்தது. விசையை வெறுமனே அழுத்திப் பார்க்க வேண்டுமானால் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். .22 ரகத்தில் கேட்கவே வேண்டாம், வெற்று அடி அதற்கு ஆகாது.

திருகுகளின் தலையைப் பாருங்கள். பள்ளம் சிதைந்திருந்தால் யாரோ வீட்டு மேஜையில் பிரித்து விளையாடியிருக்கிறார்கள் என்று அர்த்தம். உள்ளே இன்னும் என்ன செய்தார்களோ. பேரலுக்குள் சின்ன விளக்கை விட்டுப் பாருங்கள், கடையிலேயே வைத்திருப்பார்கள். அழுக்கு வேறு, அரிப்புக் குழி வேறு. அழுக்கு துடைத்தால் போகும், குழி போகாது. உள்ளே மோதிரம் போட்டதுபோல் வட்டமாக நிழல் தெரிந்தால் பேரல் வீங்கியிருக்கிறது. அதை எந்த விலைக்கும் வாங்காதீர்கள். எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, பூச்சு மட்டும் பளபளவென்று இருந்தால் மறுபடி தேய்த்துப் பூசியது. வேட்டைக்கு அது பிரச்சினை இல்லை, சேகரிப்பாளர் விலை கேட்டால்தான் தவறு. போல்ட் ரைஃபிளில் கட்டையின் கழுத்துப் பகுதியில், இரும்பு முடியும் இடத்துக்குப் பின்னால், முடியிழை போல் விரிசல் இருக்கிறதா பாருங்கள். ரிவால்வரில் விசையை அழுத்தியபடியே வைத்துக்கொண்டு உருளையை ஆட்டிப் பாருங்கள், தொளதொளவென்றிருக்கக் கூடாது.

மாடலுக்கே உரிய குறைகளும் உண்டு. ரெமிங்டன் 700 ரைஃபிளில், 2006 மே மாதத்திலிருந்து 2014 ஏப்ரல் வரை வந்தவற்றின் விசையைக் கம்பெனியே திரும்ப அழைத்தது. தானாகச் சுடும் அபாயம். சரிசெய்யப்பட்டதா என்று கேளுங்கள். தெரியாது என்றால் அது விலையைக் குறைக்கும் காரணம் மட்டுமல்ல, சரிசெய்யும்வரை தோட்டா போடக் கூடாது என்பதற்கும் காரணம். பழைய 870களில் சோக் (குண்டுகள் எவ்வளவு சிதறும் என்பதைக் கட்டுப்படுத்தும், பேரல் வாயிலுள்ள குறுகல்) கழற்ற முடியாதபடி நிலையாக இருக்கும். மாற்றக்கூடிய சோக் 1986இல்தான் வந்தது. வாத்து வேட்டைக்கு 1991இலிருந்து நாடு முழுக்க ஈயக் குண்டு தடை, எஃகுக் குண்டு போட வேண்டும். மிகக் குறுகலான பழைய ஃபுல் சோக் பேரலுக்கு எஃகு ஆகாது. அதனால் அப்படிப்பட்ட பேரலுக்குக் கிராக்கி குறைவு. புறா மட்டும் சுடப்போகிற உங்களுக்கு அது குறையே இல்லை, ஆனால் பேரத்தில் அதைச் சொல்லலாம்.

ஒரு வேண்டுகோள். குறையைக் காட்டுவது வேறு, பொருளை மட்டம் தட்டுவது வேறு. “இதுல என்ன இருக்கு, ஓட்டை” என்கிற பாணி நம் சந்தையில் செல்லும். இங்கே “அப்படியானால் ஏன் வாங்குகிறீர்கள்?” என்று கேட்டுவிடுவார்கள்.

எந்த மாசம் போனா சல்லிசா கிடைக்கும்?

மான் சீசன் முடிந்த ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும் ரைஃபிளுக்கு. ஷாட்கனும் அப்போதுதான். இதைப் படித்துவிட்டு ஆகஸ்டில் எனக்கு போன் செய்கிறவர்களை என்ன சொல்ல! மார்ச்சில் வருமான வரிப் பணம் திரும்பி வந்ததும் இந்த ஊர்க்காரர்கள் வாங்க இறங்கிவிடுவார்கள், விலை பிடித்துக்கொள்ளும்.

நாட்டில் பதற்றம் வந்தால் எந்த மாதமும் செல்லாது. 2020இல் தொற்றும் கலவரமும் தேர்தலும் ஒன்றாக வந்தபோது, எஃப்.பி.ஐ.யின் பின்னணிச் சோதனை முறையில் மட்டும் கிட்டத்தட்ட 3.97 கோடி சோதனைகள் நடந்தன. அந்த முறை 1998இல் தொடங்கியதிலிருந்து அதுவரை இல்லாத எண்ணிக்கை. பழசு புதுசு விலைக்குப் போனது. அப்போது பயத்தில் வாங்கி, ஒரு பெட்டித் தோட்டா சுட்டுவிட்டு அலமாரியில் போட்டவர்களின் கைத்துப்பாக்கிகள் பிறகு மெதுவாகக் கடைகளுக்குத் திரும்பின. பழசு என்ற பெயரில் புதுசு வேண்டுமென்றால் அந்த ரகத்தைத் தேடுங்கள்.

குறைக்கவே மாட்டேன்னுட்டாரு. வெளியே நடந்தா கூப்பிடுவாரா?

ரங்கநாதன் தெருவில் பத்தடி நடந்தால் “வாங்க சார், வாங்க” என்று குரல் வரும். இங்கே “ஹேவ் எ குட் டே” என்று வரும், அவ்வளவுதான். நான் ஒருமுறை கார் வரைக்கும் மெதுவாக நடந்து பார்த்தேன். காரில் ஏறி ஏசி போட்டும் உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.

விலை நகராவிட்டால் கொசுறு கேளுங்கள். காய்கறிக்காரரிடம் கறிவேப்பிலை கேட்பது போலத்தான். கடைக்காரருக்கு 25 டாலர் குறைக்க மனசு வராது, 25 டாலர் விலையுள்ள உறையைத் தூக்கிக் கொடுக்க வரும், ஏனென்றால் அவருக்கு அதன் அடக்கம் பாதிதான். இரண்டாவது மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), சோக் டியூப், தோளில் போடும் வார், இரண்டு பெட்டித் தோட்டா என்று உங்களுக்கு எப்படியும் தேவைப்படும் பொருளாகக் கேளுங்கள். பழைய துப்பாக்கியோடு வர வேண்டிய மேகசினோ பெட்டியோ காணாமல் போயிருந்தால் அது கொசுறும் இல்லை, உரிமையாகவே கேட்கலாம்.

போலீஸ் போட்ட பழைய கிளாக் கைத்துப்பாக்கி வந்திருக்காம். நல்லதா?

பெரும்பாலும் நல்லது. 1990இல் வந்த .40 ரகத் தோட்டாவை அமெரிக்க போலீஸ் துறைகள் பரவலாக எடுத்துக்கொண்டன. எஃப்.பி.ஐ. மறுபடி 9 மி.மீ.க்குப் போனதும் மற்றவர்களும் திரும்பினார்கள். அதனால் .40 கிளாக்குகள் கட்டுக்கட்டாகக் கடைக்கு வந்தன, விலையும் இறங்கியது. உறையில் போட்டு எடுத்து வெளிப்பூச்சு தேய்ந்திருக்கும், உள்ளே அதிகம் சுட்டிருக்க மாட்டார்கள். இருட்டில் ஒளிரும் குறிகளில் இருப்பது ட்ரிட்டியம், அதன் அரை ஆயுள் 12.3 வருடம். பதினைந்து வருடப் பழசில் பாதிக்கும் கீழேதான் ஒளி இருக்கும். கையைக் குவித்து இருட்டாக்கிப் பார்த்துவிட்டு, மங்கலாக இருந்தால் அதைச் சொல்லிக் குறையுங்கள். .40 தோட்டா 9 மி.மீ.யைவிட விலை அதிகம் என்பதையும் மறக்க வேண்டாம்.

என் பழைய ரைஃபிளைக் கொடுத்துட்டு வேற எடுக்கணும். எப்படிப் பேசுறது?

முதலில் வாங்கப்போவதன் விலையைத் தனியாக முடியுங்கள். அதன் பிறகு “என்னிடம் ஒன்று இருக்கிறது” என்று எடுங்கள். இரண்டையும் சேர்த்துப் பேசினால் இங்கே ஐம்பது ஏற்றி அங்கே ஐம்பது குறைத்துக் காட்டுவார்கள், நமக்கு வென்ற மாதிரி இருக்கும். முதல் பதிலில் சொன்ன பாதி விலைக் கணக்கு உங்கள் துப்பாக்கிக்கும் பொருந்தும், அதிர்ச்சி அடையாதீர்கள்.

மாற்றுக்கு ஒரு நன்மையும் உண்டு. டெக்சஸில் மாற்றாகக் கொடுத்த பொருளின் மதிப்பு போக மீதிக்குத்தான் விற்பனை வரி. 600 டாலர் துப்பாக்கிக்கு 250 டாலர் பழசைக் கொடுத்தால் 350க்கு வரி, கிட்டத்தட்ட 20 டாலர் மிச்சம். வெளியே 260க்கு விற்று அலைவதைவிட இது மேல்.

ரொக்கமா கொடுத்தா குறைப்பாங்களா?

சின்னக் கடையில் குறைப்பார்கள். கார்டுக் கம்பெனிக்குப் போகும் சுமார் மூன்று சதவீதம் மிச்சமாகிறது அல்லவா? ஆனால் அதைக் கடைசிச் சீட்டாக வைத்துக்கொள்ளுங்கள், விலை ஏறத்தாழ முடிந்த பிறகு. வரி இல்லாமல், ரசீது இல்லாமல் என்று மட்டும் பேச்சை எடுக்காதீர்கள். லைசென்ஸ் வைத்திருக்கும் கடைக்காரர் ஒவ்வொரு துப்பாக்கியையும் பதிவேட்டில் எழுதியாக வேண்டும், அந்தக் கேள்வியே உங்களைச் சந்தேகப்பட வைக்கும்.

ரெண்டா எடுத்தா தள்ளுபடி கேட்கலாமா?

கேட்கலாம், பலன் உண்டு. ஷாட்கனும் ரைஃபிளும் சேர்த்து எடுத்தால் பிரச்சினையே இல்லை. ஒரே கடையில் ஐந்து வேலை நாளுக்குள் இரண்டு கைத்துப்பாக்கி வாங்கினால் கடைக்காரர் மத்திய அமைப்பான ஏ.டி.எஃப்.புக்குத் தனியாக ஒரு அறிக்கை அனுப்பியாக வேண்டும். குற்றமில்லை, கேள்வியும் பெரும்பாலும் வராது. தெரிந்து செய்யுங்கள்.

ஒரு பழைய .22 பார்த்தேன். சீரியல் நம்பரே இல்ல. திருட்டுப் பொருளா?

அவசியமில்லை. 1968இன் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்கு முன்னால் மலிவான .22 ரைஃபிள்கள் பல நம்பர் இல்லாமலே வந்தன, அவற்றை வாங்குவது சட்டப்படி சரி. நம்பர் இருந்து அதை யாரோ அராவி எடுத்திருந்தால் கையில் வைத்திருப்பதே குற்றம். அராவிய தடம் மாதிரி எதையாவது பார்த்தால் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வாருங்கள், அதில் பேரம் இல்லை.

நண்பனுக்கு அந்தக் கடைக்காரர் பழக்கம், அவனுக்குக் குறைச்சுத் தருவார். அவன் பேர்ல வாங்கி எனக்குக் கொடுக்கலாமா?

கூடாது. கூடவே கூடாது. கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில், இதை உண்மையில் வாங்குவது நீங்கள்தானா என்று கேட்டிருக்கும். உங்கள் பணத்தில், உங்களுக்காக வாங்கிவிட்டு அவர் ‘ஆம்’ என்று எழுதினால் பொய்.

“ரெண்டு பேருமே வாங்கத் தகுதி உள்ளவங்கதானே” என்பார்கள். இதே வாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. போலீசில் இருந்த ஒருவர், தனக்குத் தள்ளுபடி கிடைக்கும் என்று தன் மாமாவுக்காக ஒரு கிளாக் 19 வாங்கினார். மாமா 400 டாலர் காசோலை அனுப்பியிருந்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வாங்க எந்தத் தடையும் இல்லை. இருந்தும் 2014இல் ஐந்துக்கு நான்கு என்ற தீர்ப்பில் தண்டனை உறுதியானது. வாங்கத் தடையுள்ளவருக்காகவோ குற்றம் செய்யப்போகிறவருக்காகவோ தெரிந்தே வாங்கும் பினாமி வாங்கலுக்கு 2022இல் தனிச் சட்டமே வந்து, பதினைந்து ஆண்டு வரை சிறை என்றாகிவிட்டது. தள்ளுபடிக்காக மாட்டியவரின் வழக்கு இது என்பதால்தான் இந்தப் பக்கத்தில் இவ்வளவு எழுதுகிறேன்.

நண்பரைக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள், அவர் பேசட்டும், பணமும் கையெழுத்தும் உங்களுடையதாக இருக்கட்டும். அதில் தப்பே இல்லை. சொந்தப் பணத்தில் வாங்கி, வாங்கத் தகுதியுள்ள ஒருவருக்கு உண்மையான பரிசாகக் கொடுப்பதும் வேறு கணக்கு.

விலை முடிஞ்சு பணமும் கட்டிட்டேன். சோதனையில ‘டிலே’ன்னு வந்திருச்சு. பேசின விலை போயிடுமா?

போகாது. நம் பெயர்களுக்கு இது அடிக்கடி நடக்கும், பயப்பட வேண்டாம். மூன்று வேலை நாளில் பதில் வராவிட்டால் கடைக்காரர் கொடுக்கலாம் என்பது பொதுவான மத்திய விதி. கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை, சில கடைகள் பதில் வரும்வரை வைத்திருக்கும். ஒருவேளை மறுத்துவிட்டால் பணம் முழுதாகத் திரும்புமா, பிடித்தம் உண்டா என்பதைக் கட்டுவதற்கு முன் கேளுங்கள்.

பழசில் பெரும்பாலும் திருப்பி எடுக்க மாட்டார்கள். அதனால் விலை நகராத இடத்தில் நான் கேட்கும் இன்னொரு கொசுறு, மூன்று நாள் அவகாசம். சுட்டுப் பார்த்து ஓடாவிட்டால் திருப்பி எடுத்துக்கொள்வேன் என்று ரசீதிலேயே ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். தன் பொருள்மேல் நம்பிக்கை உள்ளவர் எழுதிவிடுவார்.

நானூறு டாலர் துப்பாக்கிக்கு முந்நூறு டாலருக்குப் பெட்டகமா? அது இல்லாம முடியாதா? (இது ஒரு அக்கா கேட்டது, கணவருக்காக.)

வீட்டில் குழந்தை இருந்தால் முடியாது அக்கா. பதினேழு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை கைக்கு எட்டும்படி, சுடத் தயாரான துப்பாக்கியைக் கவனமில்லாமல் வைத்தால் டெக்சஸ் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும், பிள்ளைகள் எட்டாத இடம் என்று எந்த வீட்டிலும் ஒன்று கிடையாது. பெட்டகமும் பழசு கிடைக்கும், அதற்கும் பேரம் பேசலாம், தூக்கிக்கொண்டு போனால் போதும் என்று கொடுப்பவர்கள் நிறைய. தூக்க நாலு பேர் வேண்டும், அதுதான் செலவு.

ஊருக்கே திரும்பிப் போறோம் சார். வாங்கினதை என்ன பண்றது?

கன்டெய்னரில் போடலாமா என்று கேட்காதீர்கள். இந்தியாவில் ஆயுத உரிமம் இல்லாமல் இறக்க விடமாட்டார்கள், இங்கிருந்து அனுப்பவே ஏற்றுமதி அனுமதி வேண்டும். விற்றுவிட்டுத்தான் போக வேண்டும். இப்போது நீங்கள் கல்லாவுக்கு அந்தப் பக்கம். மேலே எழுதிய எல்லாம் உங்களுக்கு எதிராகத் திரும்பும், எதிரில் நிற்பவர் திருகின் தலையைப் பார்ப்பார்.

கடையில் நேராகக் கொடுத்தால் பாதி. கன்சைன்மென்டில் போட்டால் கூடுதலாக வரும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். டிக்கெட் போட்ட வாரம் கொண்டுபோகிறவருக்கு என்ன விலை கிடைக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெட்டி, கூடுதல் மேகசின், ரசீது எல்லாவற்றையும் சேர்த்து, மே மாதம் கிளம்புவதாக இருந்தால் பிப்ரவரியிலேயே கொடுத்துவிடுங்கள். ரைஃபிள், ஷாட்கன் என்றால் அதற்கும் முன்னால், ஆகஸ்டிலேயே. நம் ஆட்கள் எல்லோரும் அப்போதுதானே வாங்குகிறார்கள்.